அடுப்புக்கு விடுமுறை, கடலுக்கு ஒரு பயணம்

 

நாவலப்பிட்டியில் வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் துவைத்த துணி மூன்று நாளாகியும் ஈரம் போகாது. அடுப்படிக்கு மேலே கயிறு கட்டி அதில் உலர்த்துவது நம் பெண்களுக்குப் பழகிப்போன காரியம். அந்த மழைநீரெல்லாம் சேர்ந்து, நம் ஊரை ஒட்டி ஓடும் மகாவலியில் கலந்து, செந்நிறமாய்ப் புரண்டு போகிறது. அது எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

கம்பளையையும் பேராதனையையும் தாண்டி, கண்டி நகரைச் சுற்றி வளைந்து, கிழக்கே இறங்கி, பிறகு வடக்கே திரும்பி, மொத்தம் 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது நம் மகாவலி. திருகோணமலைத் துறைமுகம் இருப்பதும் அந்தக் குடாவை ஒட்டித்தான். அந்தக் கடலில்தான் அல்லாஹ் படைத்த உயிர்களிலேயே மிகப் பெரியதான நீலத் திமிங்கலம் நீந்துகிறது. நம் வீட்டுக் கூரையில் விழுந்த மழைத்துளி போய்ச்சேரும் கடலை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் நிம்மதியாக நின்று பார்த்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி என் வீட்டிலிருந்தே எனக்குக் கிடைத்தது. வெட்கத்தோடுதான் அதை எழுதுகிறேன்.

இடம் மாறிய அடுப்பு

சில வருடங்களுக்கு முன் உறவுக் குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். வேனின் பின்பக்கம் முழுவதும் அரிசி மூட்டை, பெரிய சட்டிகள், தேங்காய்த் திருவலை, மசாலாப் போத்தல்கள். நிலாவெளியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இறங்கியதும் ஆண்கள் கடலைப் பார்க்கப் போனோம். பெண்கள் குசினியைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் ஆண்களும் பெரிய பையன்களும் படகில் ஏறினோம். திமிங்கலத்தைக் கண்டோம். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது நெய்ச்சோற்றின் வாசம் தெருவரை வந்தது. என் மனைவி வியர்வையோடு அடுப்பின் முன் நின்றிருந்தார். நான் கண்டதை அரை மணி நேரம் விபரித்தேன். நீர் பீறிட்ட உயரத்தையும், முதுகின் நீளத்தையும், வால் எழுந்து தாழ்ந்த விதத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அதுக்குப் பக்கத்துல குட்டி ஈந்திச்சா?”

எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கத் திரும்பிவிட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் அவர் கடலைப் பார்த்தது மஃரிபுக்கு முன் கால் மணி நேரம். அதுவும் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. வீடு வந்ததும் எல்லோருடைய மணல் படிந்த உடுப்புகளும் அவருக்காகக் காத்திருந்தன. நாம் சுற்றுலா என்று சொல்கிறோம். நம் பெண்களுக்கு அது இடம் மாறிய அடுப்பாக அல்லவா இருக்கிறது?

அவர் போதும் என்னும் வரை

சகோதரிகளே! இதில் நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பெருநாள் ஒன்றில் அபிஸீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம்? அன்னையவர்களுக்கே போதும் என்று ஆகும் வரை. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. ஒரு சமுதாயத்தின் தலைவர், இறைத்தூதர், மனைவி ஒரு காட்சியைக் கண்டு முடிக்கும் வரை நின்றார்கள் என்பதை நாம் மேடையில் சொல்கிறோம். வீட்டில் எத்தனை பேர் நிற்கிறோம்?

கடல் பயணம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று நினைப்பவர்களும் உண்டு. உம்மு ஹராம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். தம் உம்மத்தினர் சிலர், சிம்மாசனத்தில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் பயணம் செய்வதைக் கனவில் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்தபடி விழித்தார்கள். தம்மையும் அவர்களில் ஒருவராக்க துஆச் செய்யும்படி கேட்டவர் இந்தப் பெண்மணி. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் தம் கணவர் உபாதா (ரலி) அவர்களோடு கடல் கடந்து சைப்ரஸ் போனார்கள். அங்கே வாகனத்திலிருந்து விழுந்து ஷஹீதானார்கள். லார்னகா நகரின் உப்பு ஏரிக் கரையில் அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

மஹ்ரமான ஆணின் துணை, மார்க்கம் சொன்ன உடை, தொழுகையைப் பேணுதல் ஆகியவை இருந்தால், அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திப்பதற்காகப் போகும் பயணம் நம் பெண்களுக்கும் உரியதே. வானத்தையும் பூமியையும் கடலையும் பார்த்துச் சிந்திக்கும்படி குர்ஆன் அழைப்பது ஆண்களை மட்டுமா என்ன?

திருமலைக் கடலின் சிறப்பு

திமிங்கலங்கள் ஏன் அங்கே வருகின்றன? மற்ற இடங்களில் கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் ஆழ்கடல். திருகோணமலையிலோ கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு துறைமுக வாசல் வரை வந்திருக்கிறது. சில கிலோமீற்றர் தூரத்திலேயே கடல் பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழ்கடலின் உயிர்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவது அதனால்தான்.

1979ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் திமிங்கலங்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் படகில் வந்த அறிஞர்கள் திருகோணமலைக் கடலில் திமிங்கலங்களை ஆராய்ந்தார்கள். 1983க்குப் பின் யுத்தம் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர்தான் குடும்பத்தோடு அந்தக் கடலுக்குப் போகும் காலம் மீண்டும் வந்தது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அங்கே ஏற்ற காலம். நம் மலைநாட்டில் மழை கொட்டும் ஜூன், ஜூலையில் கிழக்குக் கரை வெயிலில் காய்கிறது. நம் பக்கம் மழையைத் தரும் அதே காற்று மலையைத் தாண்டியதும் வறண்ட கச்சான் காற்றாக அங்கே வீசுகிறது. பகல் ஏற ஏற அது பலக்கும். அதனால்தான் அதிகாலையிலேயே புறப்பட்டு முற்பகலில் கரை திரும்ப வேண்டும்.

கடலில் கண்டவை

நான் போன அந்த முதல் காலையைச் சொல்கிறேன். படகு கரையை விட்டு நகர்ந்தபோது கிழக்கு வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தெற்கே கோணேசர் கோயில் நிற்கும் செங்குத்தான பாறையும், பிரெட்ரிக் கோட்டையின் மரங்களும் நிழலாய்த் தெரிந்தன. வடக்கே நிலாவெளிக் கரைக்கு முன்னால் புறாத் தீவு. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவைச் சுற்றி முருகைக் கற்களும் வண்ண மீன்களும் உண்டு. சூரியன் கடலிலிருந்து எழுந்தபோது படகில் யாரும் பேசவில்லை. மலைகளுக்குப் பின்னாலிருந்து மட்டுமே சூரியன் எழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது வேறொரு காட்சி.

முதலில் வந்தவை டொல்பின்கள். ஓங்கில் என்றும் சொல்வார்கள். பத்து, இருபது, ஐம்பது என்று எண்ணிக்கை கூடியது. சில தண்ணீரிலிருந்து துள்ளி, பம்பரம்போலச் சுழன்று விழுந்தன. பறக்கும் மீன்கள் அலைக்கு மேலே வெள்ளிக் கோடு கிழித்துப் போயின. ஆலாப் பறவைகள் தாழப் பறந்தன.

பிறகு தூரத்தில் ஒரு நீர்த்தூண். திமிங்கலம் மீனல்ல, நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பது. மூச்சை விடும்போது எழும் நீராவிதான் அந்தத் தூண். நீலத் திமிங்கலத்துடையது நேராக ஏழு, எட்டு மீற்றர் உயரும். தலை பெருத்த இன்னொரு வகை உண்டு. அதன் மூச்சு இடப்பக்கம் சாய்ந்து எழும். அதற்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. அத்தர்க் கடைகளில் கேட்கும் அம்பர் என்ற வாசனைப் பொருள் இந்தத் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. அரபியில் அன்பர் என்பார்கள். பசியால் இலைகளைத் தின்ற ஸஹாபாக்களின் படையொன்றுக்குக் கடல் அன்பர் என்ற பெரும் பிராணியை ஒதுக்கித் தந்ததையும், அதை நாட்கணக்கில் உண்டதையும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இம்முறை நான் கரையில்

அடுத்த வருடம் மீண்டும் போனோம். இம்முறை ஒரு நிபந்தனை போட்டேன். வேனில் சட்டி ஏறக்கூடாது. இரவுக்கு வீட்டிலிருந்து கட்டிய இடியப்பமும் மாசிச் சம்பலும், காலைக்குப் பாணும் வாழைப்பழமும், பகல் உணவுக்கு ஊரிலுள்ள முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்த சோற்றுப் பார்சல். என் மனைவியும் அவருடைய தாத்தாவும் எங்கள் பெரிய மகள்மாரும் படகில். அவர்களுக்கு மஹ்ரமாக என் மச்சான். நானும் சகலனும் சின்னப் பிள்ளைகளோடு கரையில்.

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நான்கு மணி நேரத்தில் பால் ஒருமுறை பொங்கி வழிந்தது. ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. இன்னொன்று உம்மா எங்கே என்று அழுது ஓயவில்லை. கடலைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்ற ஹதீஸை மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பத்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். என் மனைவி மணலில் அமர்ந்து சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“குட்டி ஈந்திச்சு.”

தாயின் பக்கத்தை விட்டு விலகாமல் அது நீந்தியதாம். தாய் ஒருமுறை மூச்சு விட்டால் அது இரண்டுமுறை விட்டதாம். சின்ன மூச்சு. அந்த ஓசையைத் தம் வாயால் செய்தும் காட்டினார்.

நீலத் திமிங்கலத் தாய் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் குட்டியைச் சுமக்கிறது. பிறக்கும்போதே குட்டி ஏழு மீற்றர் நீளம் இருக்கும். ஆறேழு மாதம் தாய்ப்பால்தான் உணவு. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 200 லீற்றர் குடித்து, நாளுக்கு 90 கிலோ வரை எடை கூடுகிறது. அந்தக் காலத்தில் தாயின் உடல் மெலிந்து போகிறது. பாலூட்டிய தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்பர் தரும் திமிங்கலமோ உறவுக் கூட்டமாக வாழ்கிறது. பாட்டி, தாய், சாச்சி, பிள்ளைகள் என்று பெண்களே சேர்ந்த குடும்பம். தாய் இரை தேடி ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு இறங்கும்போது குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அப்போது கூட்டத்திலுள்ள மற்றப் பெண்கள் மேலே நின்று அதைப் பார்த்துக்கொள்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இதைக் கேட்டால் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருப்பார்களா? ரஹ்மத்தின் ஒரு பகுதியை அல்லாஹ் பூமிக்கு இறக்கியதால்தான் மிருகமும் தன் குட்டியின் மீது பாதம் படாமல் தூக்கிக்கொள்கிறது என்று ஹதீஸ்களில் வருகிறதே!

“கிட்டப் போக வாணாம்”

அந்தக் காலையில் நடந்த இன்னொரு விஷயத்தை என் மச்சான் சொன்னார். திமிங்கலத்தைக் கண்டதும் வேறு இரண்டு படகுகள் வேகமாக அதை நெருங்கின. தம் படகுக்காரரும் வேகத்தைக் கூட்டினார். பார்க்க வந்தவர்களுக்கு நன்றாகக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம் அவருக்கு. அப்போது என் மனைவி எழுந்து சொன்னாராம்:

“தம்பி, இதுக்கு மேல கிட்டப் போக வாணாம். அது புள்ளயோட ஈக்குது.”

படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். சற்று நேரத்தில் அமைதியான அந்தப் படகின் பக்கமாகவே தாயும் குட்டியும் வந்து, மூச்சு விட்டு, மெல்லக் கடந்து போயினவாம்.

நம் நாட்டுச் சட்டப்படி திமிங்கலத்திலிருந்து 100 மீற்றர் தூரத்தைப் பேண வேண்டும். துரத்துவதும், வழிமறிப்பதும், தாய்க்கும் குட்டிக்கும் இடையில் படகை விடுவதும் தவறு. படகில் வருபவர்களே கேட்டுக்கொண்டால் படகுக்காரர் மறுக்கமாட்டார். அருகில் போகச்சொல்லி அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். பறவையொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, அது சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்ன சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. ஆற்றோரக் குருவிக்கு உள்ள அந்த உரிமை ஆழ்கடல் தாய்க்கு இல்லாமல் போகுமா?

இந்தத் தாய்மாருக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் நம் சமுத்திரத்தில் சட்டத்துக்கு மாறாக ஏராளமான நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. பிற்காலத்தில் வேட்டை நின்றது; கப்பல் மோதல் வந்தது. நம் நாட்டின் தென்முனையான தெவுந்தரைக்கு அப்பால், உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே போகிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கலம் ஒன்று மாட்டிக் கிடந்தது. நம் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வோஸ் போன்றோர் இதைப் பற்றித் தொடர்ந்து பேசிவந்தார்கள். 2022இல் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி. தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. மலை போன்ற கப்பல் ஒரு தாய்க்கும் குட்டிக்கும் வழிவிட முடியுமென்றால், நம் சிறிய படகு 100 மீற்றர் தள்ளி நிற்க முடியாதா?

போகுமுன் கவனிக்க வேண்டியவை

கடல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைப்பார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் வபாத்தானதையும் மறக்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நம் மார்க்கம் காட்டிய வழி.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் பொருத்தமான உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். அபாயாவுக்கு மேலேயே அதைக் கட்டிக்கொள்ளலாம். நீண்டு தொங்கும் துப்பட்டாவைத் தவிர்த்து, பின்குத்திய ஹிஜாபும் தட்டையான செருப்பும் அணியுங்கள். மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும். படகு அலையில் மோதிக் குலுங்கும். ஆகவே கர்ப்பிணிகளும், முதுகுவலி உள்ளவர்களும், கைக்குழந்தைகளும் கரையில் இருப்பதே நல்லது. வாந்தி வராமலிருக்கப் புறப்படுமுன் கொஞ்சமாகச் சாப்பிட்டு, இஞ்சித் துண்டொன்றை வாயில் போட்டு, படகின் பின்பாதியில் அமர்ந்து, தொடுவானத்தைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு படகைப் பேசிக்கொள்ளுங்கள். கண்ணியமும் நிம்மதியும் இரண்டும் கிடைக்கும்.

ஸுபஹைத் தொழுதுவிட்டு ஏறினால் ளுஹருக்கு வெகுநேரம் முன்பே கரை வந்துவிடலாம். நாவலப்பிட்டியிலிருந்து இது இரண்டு மர்ஹலாவைத் தாண்டிய பயணம். ஷாபிஈ மத்ஹபின்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகை உங்களுக்கு உண்டு. படகில் ஏறும்போது நூஹ் (அலை) அவர்கள் தம் கப்பலில் ஏறச் சொன்னபோது கூறியதாக ஸூரா ஹூதில் வரும் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுங்கள். பொலித்தீன் உறையோ போத்தலோ ஒன்றுகூடக் கடலில் விழக்கூடாது. நாவலப்பிட்டிப் பாலத்திலிருந்து எறிவதும் ஒருநாள் அந்தக் கடலுக்கே போய்ச்சேரும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

திமிங்கலம் கண்ணில் படுவது நம் கையில் இல்லை. சில நாள் கடல் வெறுமையாகவே இருக்கும். அப்படியும் ஒரு காலைப்பொழுது முழுவதும் யாருக்கும் பரிமாறாமல், யாரையும் தேடாமல், அல்லாஹ்வின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது வீணாகாது.

இதைப் படிக்கும் சகோதரிகளே, பக்கத்தை உங்கள் கணவரிடமும் வாப்பாவிடமும் நானாமாரிடமும் காட்டுங்கள். அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போது, சட்டியை யார் தூக்குவது என்பதற்கு முன் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அவர்கள் பேசட்டும்.

இப்போது நாவலப்பிட்டியில் மழை கனத்து மகாவலி பெருகும்போதெல்லாம் என் மனைவி ஜன்னலருகே வந்து நிற்கிறார். “இந்தத் தண்ணி அங்கதானே போகுது?” என்று கேட்கிறார். ஆம் என்கிறேன். அந்தக் குட்டி இந்நேரம் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று அவர் தமக்குள் கணக்குப் போடுகிறார். அந்தத் தாயையும் குட்டியையும், நம் தாய்மாரையும் பிள்ளைகளையும் வல்ல நாயன் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.